எலிகளுக்கு இரண்டு பாட்டில்

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தேன். தவளையை எப்படி அறுப்பது, கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை எப்படிப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பது என்று மாணவர்களுக்குச் செய்துகாட்டுகிற வேலை. வீடு திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்துப் போய்ச் சாயங்காலம் அதிலேயே திரும்பி வருவேன். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை நெருங்கும்போது ஜன்னல் வழியாகக் கரும்புப்பாகின் புளித்த வாசனை பெட்டிக்குள் வரும். மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசனை பிடித்துப்போனதற்கு என் ஆராய்ச்சிதான் காரணம்.

வேலையோடு சேர்த்து எம்.ஃபில். பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். துறைத் தலைவர்தான் என் வழிகாட்டி. குள்ளமாக இருப்பார், வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பார். தலைப்பு கேட்டு அவர் முன்னால் நின்றபோது, "எல்லாரும் மீனோட செவுளையே பாத்துக்கினு இருக்காங்கம்மா. படிக்கிற எனக்குத் தூக்கம் வருது. நீ வேற எதுனா பண்ணு" என்றார். கொஞ்ச நாள் கழித்து அவரே ஒரு தலைப்போடு வந்தார். மதுவைக் கொடுத்தால் வெவ்வேறு உயிரினங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அதோடு தலைப்பு முடிவாகிவிட்டது.

சுத்தமான ஆல்கஹால் வாங்க அரசாங்க அனுமதி வேண்டும். அதற்கு அலைந்தவர் சார்தான். வாங்கி வந்ததை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ளாத குறையாகப் பத்திரப்படுத்தினார்.

முதலில் பழ ஈக்கள். அழுகின வாழைப்பழத்தை ஜாடியில் வைத்துவிட்டால் அவை தாமாகவே வந்து சேரும். வேறு ஜாடிக்கு மாற்றி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை மூடியில் தொங்கவிட்டேன். சற்று நேரத்தில் உள்ளே திருவிழாக் கூட்டம். குறுக்கும் நெடுக்கும் ஓடின, ஒன்றை ஒன்று முட்டின, கண்ணாடியில் ஏறிச் சறுக்கின. அப்புறம் ஒவ்வொன்றாகக் கால் மடங்கி மல்லாந்தன. பஞ்சை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். எழுந்து, ஒன்றும் நடக்காதது போல முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டன.

ஏரியிலிருந்து பிடித்து வந்த கெண்டைக் குஞ்சுகள் வேறு மாதிரி. தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்தால் அவற்றுக்குத் துணிச்சல் வந்துவிடும். வழக்கமாக ஒன்றாகத் திரிகிற கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு பக்கம் வேகமாக நீந்தும். நான் கையை நீட்டினால் விலகாது. அளவு கூடினால் அந்த வீரம் எல்லாம் அடங்கி, ஒருக்களித்துத் தொட்டியின் அடியில் போய் நிற்கும். நல்ல தண்ணீருக்கு மாற்றினால் மெதுவாக நிமிர்ந்து மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிடும்.

வெள்ளை எலிகள்தான் என்னை ஏமாற்றின. எலிகளுக்கு இரவில்தான் சுறுசுறுப்பு. அதனால் ஒரு சின்ன அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிப் பகலை அவற்றுக்கு இரவாக மாற்றினோம். பகல் முழுக்க மங்கலான சிவப்பு பல்பு. ராத்திரி வாட்ச்மேன் வந்து டியூப்லைட் போட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில்களைத் தலைகீழாகக் கட்டியிருந்தோம். ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஆல்கஹால் கலந்த தண்ணீர். எது பிடிக்கிறதோ அதை எலியே குடித்துக்கொள்ளலாம். நான் ஆசையோடு உட்கார்ந்து பார்த்தேன். எலி வந்தது, ஆல்கஹால் பாட்டிலை மோந்தது, மீசையை ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. பக்கம் பழகிப்போய்க் குடிக்கிறதோ என்று பாட்டில்களை இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் தண்ணீரையே தேடிப் போனது. கலவையை மிக மிக லேசாக்கினால் ஒன்றிரண்டு எலிகள் மட்டும் தொட்டுப் பார்த்தன. மற்றவை தீண்டவே இல்லை.

"இந்த ஊர்ல தேடிப் பாத்தாலும் இவ்ளோ ஒழுக்கமா ஆளு கெடைக்காதும்மா" என்றார் சார்.

அவர்தான் மெட்ராசில் தெரிந்த ஒரு ஆராய்ச்சியாளரிடம் சொல்லி ஹாம்ஸ்டர்களுக்கு ஏற்பாடு செய்தார். ஹாம்ஸ்டர் என்றால் எலி இனம்தான், ஆனால் வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். பொன்னிற உரோமம், உருண்டை உடம்பு, தீனியை அடக்கி வைத்துக்கொள்ள இரண்டு கன்னத்திலும் பை. நானே போய் அவற்றைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது கூடை அசைந்தது.

"இன்னாம்மா அது, கோழியா?"

"எலிங்க."

"எலிய வூட்ல இருந்து வெளிய இட்டுக்கினு போவாங்க. நீ வூட்டுக்கு இட்டுக்கினு போறியா?"

பஸ்ஸே சிரித்தது. மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒரு ஹாம்ஸ்டர் கன்னம் உப்ப வெளியே எட்டிப் பார்த்ததும் பின் சீட்டிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறந்து வந்தது. திண்டிவனம் வருவதற்குள் ஒவ்வொன்றும் முகம் வீங்கினாற்போல் மல்லாட்டையைச் சேர்த்து வைத்திருந்தது.

ஹாம்ஸ்டர்கள் என் ஆராய்ச்சியைக் காப்பாற்றின. எலிகள் ஒதுக்கிய கலவையை மோந்து பார்த்துவிட்டு மடக்மடக்கென்று குடித்தன. இன்னும் காரமாகக் கலந்தேன். அதையும் குடித்தன. பக்கத்துப் பாட்டிலில் நல்ல தண்ணீர் தொடாமல் கிடந்தது. அவ்வளவு குடித்தும் தள்ளாடவில்லை என்பதுதான் ஆச்சரியம். குடித்துவிட்டுச் சக்கரத்தில் ஏறி ஓடின. சார் சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ஓமந்தூர் பக்கத்தில் நிலம். அப்பா இல்லை. அம்மாதான் நின்று பயிர் செய்கிறார். மாப்பிள்ளை பி.எஸ்சி. படித்துவிட்டு விழுப்புரத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். என் அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். அவர்கள் வருவதற்கு முன்னால் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இன்னா வேலைன்னு கேட்டா பசங்களுக்குப் பாடம் எடுக்குறேன்னு சொல்லு. எலி கதையெல்லாம் எடுக்காத."

சரி என்று தலையாட்டினேன். அப்படியே சொல்லவும்தான் நினைத்திருந்தேன். மாப்பிள்ளை, அவர் அம்மா, அம்மாவின் தம்பி என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். தாய்மாமா கலகலப்பானவர். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"காலேஜ் வுட்டதும் வூட்டுக்கு வந்துருவியாம்மா?"

"சில நாள் அடுத்த வண்டிதாங்க. எலிக்குப் பாட்டில் மாத்தணும்."

"எலிக்குப் பாட்டிலா?" அவர் கை கேசரியோடு பாதியில் நின்றது. "இன்னா பாட்டில்?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். எனக்கோ பொய் சொல்ல வரவில்லை. அதைவிட, என் வேலையைப் பற்றி வெளியாள் ஒருவர் கேட்டதே அதுதான் முதல் தடவை. ஈயில் ஆரம்பித்து, மீன், எலி என்று ஹாம்ஸ்டர் வரைக்கும் சொல்லிவிட்டேன். தாய்மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் இறுகிப் போயிருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மாப்பிள்ளை அப்போதுதான் பேசினார்.

"பாட்டில கவுத்துக் கட்டிக்கீறீங்களே, சொட்டாதா?"

அந்தக் கேள்வி எனக்கு எப்படி இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது. பல வாரங்களாக என்னைத் தூங்கவிடாத தொல்லை அது. எலி குடித்தது எவ்வளவு, வீணாகச் சொட்டியது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

"சொட்டுதுங்க. அதான் பெரிய பேஜாரு" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் சிரித்துவிட்டார். எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் அவர் அம்மா, "சொல்லி அனுப்புறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் போன பிறகு அப்பா என்னைத் திட்டவில்லை. "அந்தாளு சாராயம் குடிச்சே செத்தவராம். முன்னாடியே விசாரிச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பாவைத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொஞ்ச நாள் போயிற்று. ஒரு மத்தியானம் நான் எலி அறையில் இருந்தபோது சார் கதவைத் தட்டி, "உன்ன பாக்க யாரோ வந்துக்கீறாங்கம்மா" என்றார். வெளியே வந்தால், மாப்பிள்ளையின் அம்மா. பின்னால் தாய்மாமா, கையில் ஒரு பை மல்லாட்டை.

"அந்த எலிங்கள நான் பாக்கணும்" என்றார் அந்த அம்மா. வேறு எந்த முன்னுரையும் இல்லை.

உள்ளே அழைத்துப் போனேன். சிவப்பு வெளிச்சத்துக்குக் கண் பழகும் வரை இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா கேட்டார்: "நீ வாயத் தொறந்து ஊத்துறியா?"

"இல்லைங்க. ரெண்டு பாட்டில் இருக்கு. எது வேணுமோ அதுவே குடிக்கும்."

ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். முதல் எலி வந்து மோந்து, மீசையைச் சிலுப்பி, தண்ணீருக்குப் போனது. இரண்டாவதும் அப்படியே. நான் இடத்தை மாற்றிக் கட்டினேன். எலி பழைய இடத்துக்குப் போய், ஏமாந்து, திரும்பி, தண்ணீரைத் தேடிக் கண்டுபிடித்தது. அந்த அம்மா கையைத் தட்டினார்.

"அப்பிடிப் போடு! தேடிக்கினு போயி தண்ணியக் குடிக்குது பாரு" என்று தம்பியிடம் காட்டினார். தம்பி அடிக்கடி ஏதோ வேலை என்று பாண்டிச்சேரிக்குப் போய் வருகிறவர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் மேல்கூரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஹாம்ஸ்டர் கூண்டு. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு என்று அதனிடம் சொல்லவா முடியும்? அது நேராக ஆல்கஹால் பாட்டிலுக்கு வந்து, இரண்டு காலில் நின்று, குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை.

"அடப் பாவி!" என்றார் அந்த அம்மா.

"இவன் நம்ம ஆளு" என்றார் தாய்மாமா.

"வாய மூடுடா." ஹாம்ஸ்டரையே உற்றுப் பார்த்தார். அது குடித்து முடித்துச் சக்கரத்தில் ஏறி நிதானமாக ஓடியது. "இது குடிச்சிட்டுப் பொண்டாட்டிய அடிக்குதா?"

"தனித்தனியாத்தாங்க வச்சிருக்கோம். சேத்து வச்சா, குடிக்காமலேயே சண்டை. பொட்டைதான் ஆணைப் போட்டு அடிக்கும்."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. வெளியே நின்றிருந்த சார் என்ன விஷயம் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது கதவு வழியாகக் கேட்டது. தாய்மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொட்டைக் கூண்டு எதும்மா? ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"அந்த எலிங்க வேணாங்குது. இது மட்டும் ஏன் இப்பிடிக் குடிக்குது? கெட்ட புத்தியா?"

"புத்தியெல்லாம் இல்லைங்க. அதோட ஈரல் சாராயத்த ஜல்தியா கரைச்சு வெளியேத்திடுது. அதான் தள்ளாடல. உடம்பு வாகு அப்பிடி."

"அப்போ மனுசனுக்கு?"

அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் பார்த்ததெல்லாம் ஈயும் மீனும் எலியும்தான்.

"அது எனக்குத் தெரியாது அத்தை" என்றேன். "ஒரு எலியே இன்னொரு எலி மாதிரி இல்ல. மனுசன வச்சி சொல்ற அளவுக்கு நான் இன்னும் ஒண்ணும் படிக்கல."

அவர் தலையை ஆட்டினார். வருத்தமா நிம்மதியா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அப்போது தாய்மாமா, "இரு, இரு. இப்போ இன்னான்னு கூப்ட்ட?" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. இன்னும் சம்மதமே சொல்லாத வீட்டுப் பெரியவரை அத்தை என்று கூப்பிட்டுவிட்டிருக்கிறேன். அம்மா என்றுதான் சொல்ல நினைத்தேன், எப்படி மாறியது என்று தெரியவில்லை. சிவப்பு பல்பு இல்லாமலிருந்தாலும் என் முகம் அந்த நிறத்தில்தான் இருந்திருக்கும்.

"பொய் சொல்லத் தெரியாத பொண்ணுடா" என்றார் அத்தை தம்பியிடம். எழுந்து என் முகவாயைத் தொட்டார். "உங்கப்பா கிட்ட நானே போயிப் பேசுறேன். இந்த எலிங்களோட சேத்தே உன்ன வச்சிக்கிறோம்." மல்லாட்டைப் பையை என்னிடம் நீட்டினார். "எல்லாத்துக்கும் போடு. அந்தக் குடிகாரனுக்கும் போடு."

திரும்பி வந்த ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். திண்டிவனம் வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது என்று தெரிந்தும், வாசலில் அப்பா நிற்கிறாரா என்று தெருமுனையிலிருந்தே பார்த்தேன். அவருக்கு நான்தான் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "எலியப் பாத்துட்டா சரின்னாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் அவர்களே வந்து தட்டு மாற்றும் நாளைப் பேசிவிட்டுப் போன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிச்சயம் ஆனதும் மாப்பிள்ளை கல்லூரிக்கு வர ஆரம்பித்தார். காரணம் சொட்டுகிற பாட்டில். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில், குழாயின் வாயில் சின்னக் குண்டு ஒன்று அடைத்து நிற்கும், நாக்கால் தள்ளினால் மட்டும் தண்ணீர் வரும் என்று படம் போட்டிருந்ததை அவரிடம் காட்டினேன். குண்டுக்கு எங்கே போவது என்றேன். அவர் சட்டைப் பையில் கை விட்டு ஒரு பிடி சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை மேசைமேல் உருட்டிவிட்டார். அவை உருண்டு கீழே விழ, இரண்டு பேரும் மேசைக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினோம். சார் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் குழாயில் குண்டு இறுகிக்கொண்டு ஒரு சொட்டும் வரவில்லை. பாவம் எலி, நக்கி நக்கிப் பார்த்துவிட்டு எங்களை முறைத்தது. அடுத்ததில் குண்டு நழுவிக் கூண்டுக்குள் விழுந்தது. அதை ஒரு ஹாம்ஸ்டர் கன்னத்துக்குள் போட்டுக்கொண்டு தர மறுத்தது. மல்லாட்டையைக் காட்டித்தான் மீட்டோம். பித்தளைக் குழாயை அவர் அரத்தால் ராவி ராவிச் சரிப்படுத்த, நான் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பேன். கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், "மாமா பாத்துக்கினு இருக்காரு" என்பார். மாமா பார்த்துக்கொண்டால் கடை எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அடியில் வைத்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதம் காய்ந்தே கிடந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை.

திண்டிவனத்தில் கல்யாணம். ஆராய்ச்சி பாதியில் இருந்ததால் அளவெடுப்பதில் ஒரு நாளும் விட முடியாது. கல்யாணத்தன்று சார் எடுத்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் முகூர்த்தத்துக்கு வந்தவர் என் காதருகே குனிந்து, "எல்லாம் நல்லாக் குடிச்சிதும்மா" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் எதைப் பற்றி என்று புரியாமல் முழித்தார்கள். மறுநாள் காலை நான் புது மஞ்சள் கயிறும் பட்டுப்புடவையுமாக எலி அறையில் நின்றேன். என் வீட்டுக்காரர் பாட்டிலில் அளவைப் படித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாசலில் மாணவர்கள் கூடி நின்று கை தட்டினார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கண்டிப்பானவர் என்று பேர். இரண்டு பாட்டிலை ஏன் இடம் மாற்றினாய், ஈக்குக் கொடுத்த அளவை மீனோடு எப்படி ஒப்பிடுவாய் என்று குடைந்தெடுத்தார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் அவர் சாரைப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்குது பொண்ணு" என்றார்.

வெளியே வந்தால் வராந்தாவில் வாழையிலை விரித்தாகிவிட்டது. அத்தை ஓமந்தூரிலிருந்து புளிசாதமும் வடையும் தூக்கில் கொண்டுவந்திருந்தார். கண்டிப்பான பேராசிரியரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் இரண்டாவது வடையை எடுத்தபோது அத்தை எதிரில் குந்தி உட்கார்ந்து, குரங்குக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விசாரித்தார். குரங்கிலே ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, சிலது தொடாது, சிலது விடாது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். அத்தை சாதத்தை இன்னும் ஒரு கரண்டி அவர் இலையில் வைத்து, "அப்புறம்?" என்றார்.